10–9 பிட்சருக்கு ஏன் விருது? சீசன் கணக்கைப் படிக்க ஒரு வழிகாட்டி

2018 பேஸ்பால் சீசனில் நியூயார்க் மெட்ஸ் அணியின் பிட்சர் (பந்து போடுபவர்) ஜேக்கப் டிகிராம் கணக்கில் 10 வெற்றி, 9 தோல்வி. வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியின் மேக்ஸ் ஷெர்சருக்கு 18 வெற்றி, 7 தோல்வி, அதோடு சரியாக 300 ஸ்ட்ரைக்அவுட். நேஷனல் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதுக்கு ஓட்டுப் போட்ட 30 விளையாட்டு எழுத்தாளர்களில் 29 பேர் டிகிராமைத்தான் முதலிடத்தில் வைத்தார்கள். ஷெர்சருக்கு ஒரே ஓர் ஓட்டு.

பேஸ்பாலுக்குப் புதிதாக வருபவருக்கு இது புரியாது. ஆனால் விடை ஒரே வரியில் இருக்கிறது. ஒரு பிட்சரின் ஓர் ஆண்டு உழைப்பு முழுவதும் புள்ளிவிவரத் தளங்களில் ஒரே வரியாக வந்துவிடும். அந்த வரியைப் படிக்கப் பழகுவதற்குத்தான் இந்தக் கட்டுரை. கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். ஃபோனில் இருக்கும் கால்குலேட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டத்தைப் பற்றி முதலில் கொஞ்சம். ஓர் ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ். ஒவ்வோர் இன்னிங்ஸிலும் ஒவ்வோர் அணிக்கும் 3 அவுட். பேட்டர் பந்தை அடிக்கத் தவறினாலோ, அடிக்கக்கூடிய பந்தை விட்டுவிட்டாலோ அது ஒரு ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் வாங்கினால் ஸ்ட்ரைக்அவுட். பிட்சர் அடிக்க முடியாத இடத்தில் நான்கு பந்து போட்டுவிட்டால் பேட்டர் அடிக்காமலேயே முதல் பேஸுக்குப் போய்விடலாம். அதற்குப் பெயர் வாக். பந்தை அடித்து பேஸை எட்டினால் ஹிட், நான்கு பேஸையும் சுற்றி வந்தால் ரன், பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்தால் ஹோம் ரன். அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டும் சேர்ந்ததுதான் பெரிய லீக், அதில் ஓர் அணிக்கு ஆண்டுக்கு 162 ஆட்டம். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்களை ஸ்டார்ட்டர் என்பார்கள். ஐந்து நாளுக்கு ஒரு முறை இறங்குவார்கள், ஆண்டுக்குச் சுமார் 32 ஆட்டம் வரும். நடுவில் வந்து போடுபவர் ரிலீவர், கடைசி இன்னிங்ஸைக் காக்க வருபவர் குளோசர்.

வரியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

டிகிராமின் 2018 வரி இது (எர்ன்டு ரன் என்பது ஃபீல்டர் தவறால் வராத ரன், இ.ஆர்.ஏ. என்பது 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்ட எர்ன்டு ரன்; விவரம் பின்னால் வரும்):

வெற்றி 10, தோல்வி 9, இ.ஆர்.ஏ. 1.70, தொடங்கிய ஆட்டம் 32, இன்னிங்ஸ் 217.0, ஹிட் 152, ரன் 48, எர்ன்டு ரன் 41, ஹோம் ரன் 10, வாக் 46, ஸ்ட்ரைக்அவுட் 269.

பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் இதே வரிசையில்தான் பார்ப்பீர்கள், நடுவே இன்னும் சில கட்டங்கள் இருக்கும். தடித்த எழுத்தில் இருக்கும் எண், அந்தப் பிரிவில் அவர் தன் லீகில் முதலிடம் என்று சொல்கிறது. ஆனால் அது நல்ல எண்ணா கெட்ட எண்ணா என்று தளம் சொல்லாது. அதிகத் தோல்விக்கும் அதே தடித்த எழுத்துதான். பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அவர் இடக்கை பிட்சர்.

இந்த வரியை இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டாம் என்பது என் கட்சி. முதலில் வரும் வெற்றி–தோல்விதான் பிட்சரைப் பற்றி மிகக் குறைவாகச் சொல்லும் எண். வலது ஓரத்தில் இருக்கும் ஸ்ட்ரைக்அவுட், வாக், ஹோம் ரன் மூன்றும் பிட்சருக்கும் பேட்டருக்கும் இடையே மட்டும் நடப்பவை. அங்கிருந்து இடப்பக்கம் நகர நகர ஃபீல்டர்கள், மைதானம், சொந்த அணியின் பேட்டர்கள், அதிர்ஷ்டம் என்று ஒவ்வொன்றாகக் கணக்குக்குள் நுழையும். விசித்திரமான சீசன்களும் இங்கேதான் பிறக்கின்றன. ஒரே வரியில் இரண்டு எண்கள் ஒன்றோடொன்று முரண்பட்டால், இடையில் யாரோ புகுந்திருக்கிறார்கள் என்று பொருள்.

இன்னிங்ஸ்: புள்ளிக்குப் பின்னால் என்ன

ஆனாலும் எதை எடுத்தாலும் வகுப்பதற்கு இன்னிங்ஸ் வேண்டும் என்பதால் அதை முதலில் பார்த்துவிடலாம். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது சுலபம். 4.2 ஓவர் என்றால் நான்கு ஓவரும் இரண்டு பந்தும். அதேபோல 209.2 இன்னிங்ஸ் என்றால் 209 இன்னிங்ஸும் இரண்டு அவுட்டும். புள்ளிக்குப் பின்னால் 0, 1, 2 தவிர வேறு எண் வராது. கணக்குப் போடும்போது .1 என்பதை .333 ஆகவும் .2 என்பதை .667 ஆகவும் மாற்றிக்கொள்ளுங்கள். எக்செலில் அப்படியே ஒட்டினால் எல்லா விடையும் கொஞ்சம் கொஞ்சம் பிசகும், காரணம் கண்ணுக்கும் படாது.

அந்த 209.2 சும்மா எடுத்த எண் இல்லை. 2014இல் மின்னசோட்டா ட்வின்ஸ் அணிக்காக ஃபில் ஹியூஸ் போட்ட இன்னிங்ஸ் அது. 210 இன்னிங்ஸ் எட்டினால் 5 லட்சம் டாலர் போனஸ் என்று அவருடைய ஒப்பந்தத்தில் இருந்தது. கடைசி ஆட்டத்தில் 8 இன்னிங்ஸ் முடித்திருந்தார், மழை வந்து ஆட்டம் நின்றது, திரும்பி வரவில்லை. ஒரே ஓர் அவுட் பாக்கி. கடைசி நாட்களில் ரிலீவராக வந்து அந்த அவுட்டை எடுத்துக்கொள்ள அணி வழிவிட்டது, அவர் வேண்டாம் என்றுவிட்டார். (அந்த டிசம்பரிலேயே அணி அவருக்கு மூன்றாண்டு நீட்டிப்பாக 4.2 கோடி டாலர் தந்தது, ஆகவே ரொம்ப வருத்தப்பட வேண்டாம்.)

இன்னிங்ஸில் நினைவில் வைக்க வேண்டிய இன்னோர் எண் 162. அணியின் ஓர் ஆட்டத்துக்கு ஓர் இன்னிங்ஸ் என்ற கணக்கில், 162 இன்னிங்ஸ் போட்டவர்தான் இ.ஆர்.ஏ. போன்ற சராசரிகளின் லீக் தரவரிசையில் இடம்பெற முடியும். 2022இல் ஷோஹெய் ஓதானி 166 இன்னிங்ஸ் போட்டார், 15–9, 2.33 இ.ஆர்.ஏ., 219 ஸ்ட்ரைக்அவுட். அதே ஆண்டு பேட்டராக 34 ஹோம் ரன். பேட்டிங், பிட்சிங் இரண்டு தரவரிசைக்கும் ஒரே ஆண்டில் தகுதி பெற்ற ஆள் வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதித் தொடர் தொடங்கிய காலத்திலிருந்து அதற்கு முன் ஒருவரும் இல்லை. 162ஐத் தாண்டியது சீசனின் கடைசி ஆட்டத்தில்.

ஸ்ட்ரைக்அவுட்டும் வாக்கும்: இங்கே நேரம் செலவழியுங்கள்

செய்ய வேண்டியது மூன்று வகுத்தல். ஸ்ட்ரைக்அவுட்டை 9ஆல் பெருக்கி இன்னிங்ஸால் வகுங்கள். டிகிராமுக்கு 269 × 9 ÷ 217 = 11.2. ஒரு முழு ஆட்டம் போட்டால் சராசரியாக 11 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்கிறார். வாக் எண்ணிக்கைக்கும் அதே கணக்கு: 46 × 9 ÷ 217 = 1.9. கடைசியாக ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 5.8. ஒரு வாக் கொடுப்பதற்குள் கிட்டத்தட்ட ஆறு பேரை வீட்டுக்கு அனுப்புகிறார் என்று அர்த்தம். இந்தக் கடைசி விகிதம் 3 இருந்தாலே இன்றைக்கு மோசமில்லை, 5ஐத் தாண்டினால் அபாரம்.

அப்படியானால் இந்த விகிதம் 11.63 என்று வந்தால்? அது சற்று முன் பார்த்த ஃபில் ஹியூஸின் 2014 எண். 186 ஸ்ட்ரைக்அவுட், 16 வாக். தரவரிசைக்குத் தகுதி பெற்றவர்களில் இதுதான் சாதனை. அதற்கு முன் அந்தச் சாதனை 1994இல் மெட்ஸ் அணியின் பிரெட் சேபர்ஹேகன் வைத்த 11.00, அதாவது 143க்கு 13.

சேபர்ஹேகனின் அந்த வரியில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. அவர் வென்றது 14 ஆட்டம், கொடுத்த வாக் 13. ஸ்டார்ட்டர் ஒருவர் கொடுத்த வாக்கைவிட வென்ற ஆட்டம் அதிகம் என்பது வழக்கமாக நடக்கவே நடக்காது. நல்ல பிட்சருக்கே 15 வெற்றியும் 45 வாக்கும் இருக்கும். இதற்கு முன்னோடி நியூயார்க் ஜயன்ட்ஸின் கிறிஸ்டி மாத்யூசன். 1913இல் 25 வெற்றி, 21 வாக். அடுத்த ஆண்டு 24 வெற்றி, 23 வாக். 1919இல் சின்சினாட்டியின் ஸ்லிம் சாலி 21 வெற்றி, 20 வாக். ஆனால் 1994இல் ஆகஸ்ட் 12 அன்று வீரர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியதோடு சீசன் முடிந்துவிட்டதால், சேபர்ஹேகன் 24 ஆட்டம் மட்டுமே தொடங்கினார். முழு சீசன் ஓடியிருந்தால் அந்த வித்தியாசம் தாங்கியிருக்குமா என்பது வேறு விஷயம்.

வாக் குறைவாகக் கொடுப்பது மட்டும் ஒரு பிட்சரைப் பெரியவராக்கிவிடாது. 2005இல் ட்வின்ஸ் அணியின் கார்லோஸ் சில்வா 188.1 இன்னிங்ஸில் கொடுத்தது மொத்தம் 9 வாக். இருபதாம் நூற்றாண்டு தொடங்கியதிலிருந்து தகுதி பெற்ற யாரும் இவ்வளவு கஞ்சத்தனம் காட்டியதில்லை. அதே ஆண்டு அவர் பந்தில் போன ஹோம் ரன் 25. ஸ்ட்ரைக்அவுட் 71 மட்டுமே. வாக்கைவிட ஹோம் ரன் இரண்டரை மடங்குக்கு மேல்! எல்லாப் பந்தையும் நேராக ஸ்ட்ரைக் பகுதிக்குள் போடுபவரின் கையெழுத்து இது. அடிக்கத் தெரிந்தவன் அடித்துவிடுவான்.

இன்னொரு கோடியில் நோலன் ரயன். 1973இல் கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸுக்காக 383 ஸ்ட்ரைக்அவுட், அது இன்றும் நவீன காலச் சாதனை. ஆனால் நான் காட்ட விரும்புவது அவருடைய 1977 வரி: 299 இன்னிங்ஸ், 341 ஸ்ட்ரைக்அவுட், 198 ஹிட், 204 வாக். அந்த ஆண்டு அவரை அடித்து பேஸுக்குப் போனவர்களைவிட அடிக்காமல் போனவர்கள் அதிகம். முந்நூறு இன்னிங்ஸ் போட்ட ஒருவரை இப்படி விவரிக்க முடிவது எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. இத்தனைக்கும் இ.ஆர்.ஏ. 2.77தான்.

விப்

ஹிட்டையும் வாக்கையும் கூட்டி இன்னிங்ஸால் வகுத்தால் கிடைப்பது விப். ஓர் இன்னிங்ஸுக்கு எத்தனை பேரை பேஸில் ஏற்றிவிட்டார் என்பதுதான் அது. டிகிராம்: 152 + 46 = 198; 217ஆல் வகுத்தால் 0.91. ஒன்றுக்குக் கீழே போனால் அது பெரிய சீசன். பந்து மேலே பட்டு பேஸுக்குப் போனவர்களும், ஃபீல்டர் தவறால் போனவர்களும் இதில் சேர மாட்டார்கள். வேறு விளக்கம் தேவையில்லை.

இ.ஆர்.ஏ.: புகழ் பெற்ற எண், அதனால் கவனம்

எர்ன்டு ரன்னை 9ஆல் பெருக்கி இன்னிங்ஸால் வகுக்க வேண்டும். 41 × 9 ÷ 217 = 1.70. முழு ஆட்டம் ஒன்றுக்கு இவர் எத்தனை ரன் விடுவார் என்பதன் மதிப்பீடு.

வரியில் ரன் 48, எர்ன்டு ரன் 41 என்று இரண்டு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மீதி 7 ரன் ஃபீல்டர்களின் தவறால் வந்தவை என்று அதிகாரபூர்வ ஸ்கோரர் தீர்மானித்தவை. அந்தத் தீர்மானம் ஒரு மனிதரின் பார்வை என்பதை மறக்க வேண்டாம். மெதுவாக ஓடும் ஃபீல்டர் பந்தை எட்டாமலே விட்டால் அது தவறு ஆகாது, ஹிட் ஆகிவிடும், பழி பிட்சருக்கு. இன்னொரு சிக்கல் ரிலீவர்கள் விஷயத்தில் வரும். ஸ்டார்ட்டர் பேஸில் இரண்டு பேரை விட்டுவிட்டு வெளியேறினால், அடுத்து வந்தவர் பந்தில் அவர்கள் ஓடி ரன் எடுத்தாலும் ரன் ஸ்டார்ட்டர் கணக்கில்தான் எழுதப்படும். ஆகவே ரிலீவரின் இ.ஆர்.ஏ.வை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஓர் அவுட்டும் எடுக்காமல் ரன் விட்ட பிட்சருக்கு பூஜ்யத்தால் வகுக்க வேண்டி வரும், அவருடைய கட்டத்தில் முடிவிலிக் குறி நிற்கும். ஏப்ரல் மாத முதல் வாரத்தில் தேடினால் அநேகமாக ஒருவராவது அகப்படுவார்.

இப்போது ஒரு சுவையான ஒப்பீடு. 2000ஆம் ஆண்டு பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் பெட்ரோ மார்ட்டினெஸ் போட்டதும் சரியாக 217 இன்னிங்ஸ். அவர் விட்ட எர்ன்டு ரன் 42. டிகிராமைவிட ஒன்றே ஒன்று கூடுதல், இ.ஆர்.ஏ. 1.74. அப்படியானால் டிகிராம் ஒரு நூல் மேலா?

இல்லை, இங்கேதான் காலமும் இடமும் வர வேண்டும். 2000இல் அமெரிக்கன் லீகின் மொத்த இ.ஆர்.ஏ. 5ஐத் தொட்டுக்கொண்டிருந்தது, பேட்டர்கள் பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பிக்கொண்டிருந்த காலம். அந்த லீகில் மார்ட்டினெஸுக்கு அடுத்த இடத்தில் ரோஜர் கிளெமென்ஸ், 3.70. இரண்டாம் இடத்தின் பாதியைக்கூட முதலிடம் எட்டவில்லை! 2018இல் நேஷனல் லீக் சராசரி 4க்குப் பக்கத்தில். அதனால்தான் இ.ஆர்.ஏ. பிளஸ் என்று ஓர் எண் உண்டு. லீக் சராசரியையும் சொந்த மைதானத்தையும் கணக்கில் எடுத்து, சராசரிப் பிட்சருக்கு 100 என்று வைப்பார்கள். இதில் மட்டும் எண் கூடினால் நல்லது. மார்ட்டினெஸின் 2000 சீசனுக்கு 291. அவருடைய விப் 0.737, அது தகுதி பெற்ற பிட்சர்களில் எக்காலத்துக்குமான சாதனை: 128 ஹிட், 32 வாக், அவ்வளவுதான்.

செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் பாப் கிப்சன் 1968இல் 1.12 இ.ஆர்.ஏ. எடுத்தார். 304.2 இன்னிங்ஸ், 13 ஆட்டங்களில் எதிரணிக்கு ரன்னே இல்லை. எண்ணளவில் மார்ட்டினெஸைவிட வெகு கீழே. ஆனால் அவருடைய இ.ஆர்.ஏ. பிளஸ் 258. காரணம், 1968 பிட்சர்களின் ஆண்டு; மொத்த லீக் இ.ஆர்.ஏ.வே 3க்குக் கீழே இருந்தது. அமெரிக்கன் லீகில் பேட்டிங் பட்டம் (அடிக்க இறங்கியதில் ஹிட் ஆன பங்கு அதிகம் உள்ளவருக்குக் கிடைப்பது) .301 எடுத்தவருக்குக் கிடைத்தது. நிர்வாகம் பொறுக்க முடியாமல் 1969 முதல் பிட்சர் நிற்கும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 ஆகக் குறைத்தது.

சரி, 1.12 எடுத்தவர் எத்தனை ஆட்டம் தோற்றிருப்பார்? ஒன்பது. 22–9. செப்டம்பர் 17 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் அவர் விட்டது ஒரே ரன். எதிரில் கேலார்ட் பெர்ரி ஒரு ஹிட்கூடத் தராமல் 1–0 என்று வென்றுவிட்டார்.

ஃபிப்: ஃபீல்டர்களைக் கழித்துவிட்டு

2001இல் வோராஸ் மெக்ராக்கன் என்பவர் ஒரு கருத்தை முன்வைத்தார். மட்டையில் பட்டு மைதானத்துக்குள் விழும் பந்து ஹிட் ஆகிறதா அவுட் ஆகிறதா என்பதில் பிட்சர்களுக்கிடையே வித்தியாசம் நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு என்றார். அப்போது பலரும் சிரித்தார்கள். இன்று அணிகள் சம்பளம் பேசும்போது அந்தச் சிந்தனைதான் மேசையில் இருக்கிறது. அதிலிருந்து வளர்ந்த எளிய கணக்குதான் ஃபிப்.

ஹோம் ரன்னை 13ஆல் பெருக்குங்கள். வாக்கையும் பந்து பட்டவர்களையும் கூட்டி 3ஆல் பெருக்குங்கள். இரண்டையும் சேர்த்து, ஸ்ட்ரைக்அவுட்டின் இரு மடங்கைக் கழியுங்கள். இன்னிங்ஸால் வகுத்து, அந்த ஆண்டுக்குரிய மாறிலியைக் கூட்டுங்கள். மாறிலி 3ஐ ஒட்டி இருக்கும், ஆண்டுக்கு ஆண்டு சற்று நகரும். இ.ஆர்.ஏ.வோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வசதியாக இருப்பதற்கே அது.

டிகிராமுக்குப் போட்டுப் பார்க்கலாம். ஹோம் ரன் 10 என்பதால் 130. வாக் 46, பந்து பட்டவர் 5, மொத்தம் 51. மூன்று மடங்கு 153. ஸ்ட்ரைக்அவுட் 269இன் இரு மடங்கு 538. 130 + 153 − 538 = −255. 217ஆல் வகுத்தால் −1.18. 2018இன் மாறிலி சுமார் 3.16. விடை 2க்குக் கொஞ்சம் கீழே. இ.ஆர்.ஏ. 1.70உடன் ஒப்பிட்டால் சிறிது அதிர்ஷ்டம் இருந்திருக்கலாம், ஆனால் திறமை முழுவதும் அவருடையதே.

சில்வாவுக்கும் இதே கணக்கைப் போட்டால் 4ஐத் தாண்டும். அவருடைய உண்மையான இ.ஆர்.ஏ. 3.44. நடுவில் இருக்கும் இடைவெளியை அவருடைய ஃபீல்டர்கள் நிரப்பியிருக்கிறார்கள்.

வெற்றி–தோல்விக்கு இப்போது வரலாம்

ஸ்டார்ட்டருக்கு வெற்றி எழுதப்பட வேண்டுமென்றால் அவர் 5 இன்னிங்ஸாவது முடித்திருக்க வேண்டும், அவர் வெளியேறும்போது அணி முன்னிலையில் இருக்க வேண்டும், அந்த முன்னிலை கடைசி வரை பறிபோகக் கூடாது. இந்த மூன்றில் முதல் நிபந்தனைக்குத்தான் பிட்சர் முழுப் பொறுப்பு. இரண்டாவதற்குச் சொந்த அணியின் பேட்டர்கள் அடிக்க வேண்டும், மூன்றாவது ரிலீவர்கள் கையில்.

217 இன்னிங்ஸுக்கு 42 எர்ன்டு ரன் விட்ட மார்ட்டினெஸ் 18–6. அதே 217க்கு 41 எர்ன்டு ரன் விட்ட டிகிராம் 10–9. வேறு சான்று வேண்டுமா? 2018 மெட்ஸ், டிகிராம் தொடங்கிய 32 ஆட்டங்களில் 14இல் மட்டுமே வென்றது. அந்த சீசனில் அவர் தொடர்ந்து 29 ஆட்டங்களில் 3 ரன்னுக்கு மேல் விடவில்லை, அது ஒரு சீசனுக்கான சாதனை. முதல் பக்கத்தில் பார்த்த 29 ஓட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தற்செயல்தான்.

இதைவிடக் கொடுமை நோலன் ரயனின் 1987. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்காக 2.76 இ.ஆர்.ஏ., 270 ஸ்ட்ரைக்அவுட், இரண்டிலும் நேஷனல் லீகில் முதலிடம். வெற்றி–தோல்வி 8–16. நாற்பது வயதில்! அந்தக் காலத்து வாக்காளர்கள் சை யங் பட்டியலில் அவரை ஐந்தாம் இடத்துக்குத் தள்ளினார்கள். 2010இல் சியாட்டிலின் ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் 13–12 உடன் அமெரிக்கன் லீகின் சை யங் விருதை வாங்கினார். 2025இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் பால் ஸ்கீன்ஸ் 10–10, இ.ஆர்.ஏ. 1.97; ஒருமனதாக விருது. படிப்பவர்கள் மாறிவிட்டார்கள்.

எதிர்த்திசையிலும் பாருங்கள். 1959இல் பிட்ஸ்பர்க்கின் ரிலீவர் எல்ராய் ஃபேஸ் 18–1. கேட்கவே பிரமாதம். ஆனால் முன்னிலையை அவரே விட்டுக்கொடுத்து, பிறகு அணி அடித்து ஜெயித்ததால் அவர் பெயரில் வெற்றி விழுந்த ஆட்டங்களும் அந்த 18இல் உண்டு. 1973இல் சிகாகோ வொயிட் சாக்ஸின் வில்பர் வுட் 24–20. ஒரே சீசனில் இருபது வெற்றியும் இருபது தோல்வியும். 48 ஆட்டம் தொடங்கினார், இன்று யாரும் அதன் பக்கத்தில்கூடப் போக மாட்டார்கள். அந்த ஜூலையில் ஒரே நாளில் நடந்த இரண்டு ஆட்டங்களையும் அவரே தொடங்கி, இரண்டிலும் தோற்றார்.

வெற்றி எண்ணிக்கை நிஜமாகவே ஏதாவது சொல்லும் சீசனும் இல்லாமலில்லை. 1972இல் பிலடெல்ஃபியா ஃபில்லீஸ் மொத்தம் வென்றதே 59 ஆட்டம். அதில் 27 ஸ்டீவ் கார்ல்டன் கணக்கில். இ.ஆர்.ஏ. 1.97, 310 ஸ்ட்ரைக்அவுட், தொடங்கியதில் 30 ஆட்டங்களைத் தானே முடித்தார். ரிலீவர்களை நம்பாமல் கடைசி வரை நின்றவருக்கு, மூன்றாவது நிபந்தனையும் சொந்தக் கையில் இருந்தது.

விசித்திரங்களை நீங்களே தேட

எனக்குப் பலன் தந்த வழி, சம்பந்தமில்லாத இரண்டு கட்டங்களை ஒன்றுக்கு எதிராக ஒன்று வைத்துப் பார்ப்பது. வெற்றி எதிர் வாக், ஹோம் ரன் எதிர் வாக், ஹிட் எதிர் வாக். வழக்கமான வரிசை தலைகீழானால் நிறுத்திப் படியுங்கள். அடுத்தது, ஒரே வரியில் நல்ல எண்ணும் கெட்ட எண்ணும் சேர்ந்து தடித்த எழுத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பது. 2023இல் சான் டியேகோ பேட்ரெஸின் பிளேக் ஸ்னெல் 2.25 இ.ஆர்.ஏ.வோடு முதலிடம், 99 வாக் கொடுத்து அதிலும் முதலிடம். சை யங் விருதும் கிடைத்தது. பேஸை நிரப்பிவிட்டு ரன் விடாமல் தப்பிப்பது அவருடைய பாணி, பார்ப்பவருக்கு ரத்த அழுத்தம்.

ஒரு வகைச் சாதனையை மட்டும் நம்பாதீர்கள். “25 வயதுக்குட்பட்ட இடக்கை பிட்சர்களில் 193 ஸ்ட்ரைக்அவுட்டுக்கு மேலும் 47 வாக்குக்குக் கீழும் கொடுத்த முதல் ஆள்” என்பது போல ஒளிபரப்பில் அடிக்கடி வரும். 193 எங்கிருந்து வந்தது? அவர் எடுத்தது 194. ஆளைப் பார்த்து எல்லைக்கோடு வரைந்தால் யாரையும் முதல் ஆளாக்கலாம். 200, 20, 162 போன்ற எண்களை யாரும் அவருக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை, அவை முன்பே இருந்தவை. அவற்றை வைத்துச் சொல்லப்படும் சாதனைக்குத்தான் மதிப்பு.

ரிலீவர்களுக்கு ஒரு கட்டம் கூடுதல்: சேவ். அணி மூன்று ரன்னுக்குள் முன்னிலையில் இருக்கும்போது வந்து, குறைந்தது ஓர் இன்னிங்ஸ் போட்டு, ஆட்டத்தை முடித்துக்கொடுத்தால் ஒரு சேவ். வேறு சில வழிகளும் உண்டு, ஆரம்பத்தில் இது போதும். 1969இல்தான் இது அதிகாரபூர்வக் கணக்கானது. 2003இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் எரிக் கான்யே 55 வாய்ப்பில் 55ஐயும் காப்பாற்றினார்.

நான் பயிற்சிக்குத் தர விரும்பும் வரி கான்யேயுடையது இல்லை, டென்னிஸ் எக்கர்ஸ்லியுடையது. 1990, ஓக்லண்ட் அத்லெட்டிக்ஸ்: 48 சேவ், 73.1 இன்னிங்ஸ், 41 ஹிட், 5 எர்ன்டு ரன், 4 வாக், 73 ஸ்ட்ரைக்அவுட். ஹிட்டையும் வாக்கையும் கூட்டினால் 45. பேஸில் ஏற்றியவர்களைவிட காப்பாற்றிய ஆட்டம் அதிகம். அதோடு நிறுத்தாமல் அவருடைய இ.ஆர்.ஏ.வையும் விப்பையும் போட்டுப் பாருங்கள். 5 எர்ன்டு ரன்னை 9ஆல் பெருக்கினால் 45, ஹிட்டும் வாக்கும் சேர்ந்தும் 45. இரண்டையும் 73.333ஆல் வகுக்க வேண்டும். இரண்டுக்கும் விடை 0.614.